குணகத்துள் மறைந்த சமுதாயம்: போர்க் கணிதம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

கதையையோ கவிதையையோ நாடகத்தையோ ஆராயும்போது, அது யாருடைய உலகைக் காட்டுகின்றது, அதில் இடம்பெறாது போனோர் யாவர், எதனை இயல்பானதென அது எம்மை ஏற்கச் செய்கின்றது என்னும் வினாக்களை எழுப்ப நாம் பழகியிருக்கின்றோம். எமது முற்போக்கு விமர்சன மரபு ஈட்டித்தந்த பேறு இது. ஆனால் விஞ்ஞானத்தின் பெயரால் எழுதப்படும் பனுவல்களின் முன் இவ்வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. சமன்பாடொன்று தோன்றியதும் விமர்சகர் ஒதுங்கிக்கொள்கின்றார். அது நிபுணர்க்குரிய விடயமென அமைதி காண்கின்றார். ஆயினும் சமன்பாடும் ஓர் எடுத்துரைப்பே. அதுவும் உலகின் சில கூறுகளைத் தேர்ந்து, சிலவற்றை விடுத்து, வேறுபட்ட சிலவற்றை ஒன்றாக்கிக் காட்டுகின்றது. தேர்வு உள்ள இடத்தில் நோக்கு உண்டு. நோக்கு உள்ள இடத்தில் விமர்சனத்துக்கும் இடமுண்டு.

போரினைக் கணித மாதிரியுருவாக வடிக்கும் மரபினை இந்நோக்கில் அணுக முற்படுகின்றோம். இதில் இரு கருத்துக்கள் அடிப்படையானவை. ஒன்று தேய்வு: பொருதும் தரப்பினர் இறந்தும் காயமுற்றும் எண்ணிக்கையிற் குறைந்து செல்லல். மற்றையது அடக்கல்: எதிரியைக் கொல்லாமலே, அவன் தலைநிமிரவும் சுடவும் நகரவும் இயலாதவாறு சூட்டினால் அமுக்கி வைத்தல். முன்னையது உடல் பற்றியது, எண்ணத்தக்கது. பின்னையது மனம் பற்றியது, எளிதில் எண்ணத்தகாதது. தேய்வினை எண்ணுவதற்கு எழுந்த இம்மரபு, போரின் முடிவினைப் பெரிதும் தீர்மானிக்கும் சமுதாயக் காரணிகளைக் 'குணகம்' என்னும் ஒற்றை எண்ணுக்குள் ஒதுக்கிவிட்டது என்பதும், அவ்வாறு ஒதுக்கியதை மறந்து எண்ணையே இலக்காகக் கொண்ட வேளையில், எந்தப் படையிலும் சேராத மக்களே அதன் விலையைச் செலுத்த நேர்ந்தது என்பதுமே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்துக்களாம்.

2

பிரெடெரிக் வில்லியம் லான்செஸ்ரர் (1868-1946) ஓர் ஆங்கிலேயப் பொறியியலாளர். பிரித்தானிய மோட்டார் வண்டி உற்பத்தியின் முன்னோடிகளுள் ஒருவர். விமானப் பறப்பியல் பற்றிய ஆழ்ந்த நூல்களை 1907, 1908ஆம் ஆண்டுகளில் வெளியிட்டவர். முதலாம் உலகப்போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டிலேயே பொறியியற் சஞ்சிகையொன்றில் அவர் எழுதத் தொடங்கிய கட்டுரைத்தொடர், 1916இல் ஆகாய விமானமும் போரும் பற்றிய நூலாக வெளிவந்தது. போர்க் கணிதம் என்னும் துறை தன் தோற்றுவாயாகக் கொண்டாடுவது இந்நூலையே.

லான்செஸ்ரரின் தருக்கம் எளிமையானது. வாளும் வேலும் ஏந்திய பண்டைப் போரில் ஒருவனுக்கெதிரே ஒருவனே நின்று பொருதலாம். எஞ்சியோர் தம் முறைக்குக் காத்திருத்தல் வேண்டும். ஆகவே அங்கு படையின் வலிமை, ஆட்பலத்தைத் தனியாள் திறனாற் பெருக்கக் கிடைப்பதாகும். இது ஏகபரிமாண விதி. தொலைவிலிருந்து சுடும் படைக்கலங்கள் வந்தபின் நிலைமை மாறுகின்றது. பலர் ஒரே இலக்கின்மீது தமது சூட்டினைக் குவிக்கலாம். எனவே ஒரு தரப்பு எவ்வளவு வேகமாகத் தேய்கின்றதென்பது, எதிர்த்தரப்பில் அக்கணத்தில் எஞ்சியிருப்போரின் தொகைக்கு விகிதசமமாகின்றது. இவ்வாறமையும் இரு வகையீட்டுச் சமன்பாடுகளையும் தீர்க்குமிடத்து, படையின் வலிமை ஆட்பலத்தின் வர்க்கத்தைத் திறனாற் பெருக்கக் கிடைப்பதாகும். இதுவே வர்க்க விதி.

இவ்விதி தரும் முடிவுகள் வியப்பூட்டுவன. சமதிறன் கொண்ட ஆயிரவர் படைகள் இரண்டினைக் கொள்வோம். ஒன்று ஐந்நூற்றுவர் கொண்ட இரு கூறாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத நேரின், பிரியாத படை முதற் கூற்றினை அழித்தபின் 866 பேருடனும், இரண்டாம் கூற்றினையும் அழித்தபின் 707 பேருடனும் எஞ்சும். எதிர்த்தரப்பில் ஒருவரும் எஞ்சார். சிதறாதே, குவிந்து நில் என்னும் பழைய போர் அறிவுரைக்கு முதன்முறையாக ஓர் அளவு கிடைத்தது. இவ்வகையில் லான்செஸ்ரரின் சாதனை மறுக்கத்தக்கதன்று.

எனினும் இச்சமன்பாட்டின் மனிதன் யாவன் என நாம் வினவுதல் வேண்டும். அவன் பெயரற்றவன்; ஊரற்றவன்; அருகிலிருப்பவனோடு எவ்வகையிலும் வேறுபடாதவன்; இறக்கும் கணம்வரை மாறாத வேகத்தில் சுட்டுக்கொண்டே இருப்பவன். அஞ்சான், ஓடான், சரணடையான், மறுக்கவும் மாட்டான். லான்செஸ்ரர் தம் தொழிற்சாலையில் எவ்வண்டிக்கும் பொருந்தும் மாற்றீட்டு உறுப்புக்களைச் செய்வதிலே பெரிதும் கருத்தூன்றியவர். அவரது சமன்பாட்டில் வரும் போர்வீரனும் அத்தகைய மாற்றீட்டு உறுப்பாகவே தோற்றமளிக்கின்றான். இயந்திரக் கைத்தொழிலின் உலகநோக்குப் போர்க்களத்தைக் காணும்போது இவ்வாறே காணும் எனக் கொள்வதில் தவறில்லை. எமது மொழியில் 'வர்க்கம்' என்னும் சொல் கணிதத்தில் ஒரு பொருளையும் சமூகவியலில் இன்னொரு பொருளையும் தருவது தற்செயலே. ஆனால், முதற்பொருளில் அச்சொல் ஆட்சி செலுத்தும் சமன்பாட்டில் இரண்டாவது பொருளுக்கு இடமே இல்லாதிருப்பதைத் தற்செயலெனக் கொள்வதற்கில்லை.

லான்செஸ்ரர் தமது விதிக்கு எடுத்துக்காட்டாகக் கையாண்ட ட்ரபல்கர்க் கடற்சமர் இதனை நன்கு உணர்த்தும். சமருக்கு முன்னர் நெல்சன் வரைந்த திட்டக்குறிப்பில், தம்மிடம் 40 கப்பல்களும் பிரெஞ்சு-ஸ்பானியக் கூட்டணியிடம் 46 கப்பல்களும் இருக்குமெனக் கருதியிருந்தார். எதிரியின் அணியை இரண்டாக அறுத்து, 23 கப்பல்கள் கொண்ட பிற்பகுதிமீது 32 கப்பல்களை ஏவி, எஞ்சிய எட்டினால் முற்பகுதியைத் தடுத்துவைத்தல் அவரது எண்ணம். வர்க்கங்களைக் கூட்டின் பிரித்தானியத் தரப்புக்கு 1,088, எதிர்த்தரப்புக்கு 1,058. வேறுபாடு 30, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கப்பல்களுக்கு ஈடான மேலதிக வலிமை. சிறியதொரு படை பெரியதை வெல்லும் சூக்குமத்தைக் கணிதம் வெளிப்படுத்தியது எனலாம்.

ஆனால் 1805 ஒக்ரோபர் 21இல் உண்மையிற் பொருதியவை 27 கப்பல்களும் 33 கப்பல்களுமே. கூட்டணி 18 கப்பல்களை இழந்தது. பிரித்தானியாவோ ஒரு கப்பலையேனும் இழக்கவில்லை. சமதிறனை அடிப்படையாகக் கொண்ட கணக்கு நூலிழை வெற்றியையே எதிர்வுகூறும். நிகழ்ந்ததோ முழுமையான அழிப்பு. இவ்விடைவெளியை நிரப்புவது எது? ஆண்டுக்கணக்காகக் கடலில் நின்று முற்றுகைக் காவல் புரிந்து, பீரங்கியைக் கையாள்வதில் தேர்ந்துவிட்ட மாலுமிகள் ஒருபுறம். துறைமுகங்களுள் அடைபட்டு, பயிற்சி வாய்ப்பின்றி, கடலறியாதோரைக் கொண்டு ஆட்பற்றாக்குறையை நிரப்பிய கப்பல்கள் மறுபுறம். அப்பிரித்தானிய மாலுமிகளுட் பலரும் வீதிகளிலும் வணிகக் கப்பல்களிலும் வலிந்து பிடிக்கப்பட்டு, கசையடிக்கு அஞ்சிப் பணிபுரிந்த ஏழைகள் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இரு சமுதாயங்களின் வரலாறு முழுவதும் சமன்பாட்டில் 'திறன்' எனப்படும் ஓர் எண்ணாகச் சுருங்குகின்றது. வெற்றியைத் தீர்மானித்ததும் அவ்வெண்ணே. அது எங்கிருந்து வந்தது என்பது பற்றிச் சமன்பாடு மௌனம் சாதிக்கின்றது.

3

விதி என்று ஒன்றினைக் கூறுவோர் அதற்குச் சான்று காட்டவும் கடமைப்பட்டவராவர். இவ்வகையில் இம்மரபின் வரலாறு படிப்பினை மிக்கது.

லான்செஸ்ரரை அறியாமலே 1915இல் இரசிய இராணுவச் சஞ்சிகையொன்றில் ஒசிபொவ் என்பார் இத்தகைய சமன்பாடுகளை உருவாக்கினார். அவர் கடந்தகாலச் சமர்கள் 38இன் இழப்புக்களோடு தமது கணக்கினை ஒப்புநோக்கினார். வர்க்க விதி அவருக்குச் செவ்வனே பொருந்தவில்லை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டதொரு அடுக்கே வரலாற்றுக்கு அண்மையதென அவர் கண்டார். சான்றினைத் தேடிய முதலாமவரே விதியினை ஐயுற நேர்ந்தது.

ஆயினும் இத்துறையின் நூல்களில் நெடுங்காலம் மெய்ப்பிப்பாகப் போற்றப்பட்டது 1954இல் ஜே. எச். ஏங்கல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையாகும். 1945 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இவோ ஜீமாத் தீவில் நிகழ்ந்த சமரை அவர் எடுத்துக்கொண்டார். 73,000 அமெரிக்கர் சில நாட்களுள் கரையிறங்கியதாகவும், 21,500 யப்பானியர் எதிர்த்து நின்றதாகவும் கொண்டு அவர் வரைந்த வளைகோடு, அமெரிக்கப் படையின் நாளாந்த எண்ணிக்கையோடு வியக்கத்தக்க அளவில் இசைந்து சென்றது.

இவ்விசைவினைச் சற்று நெருங்கி நோக்குவோம். யப்பானியத் தரப்பின் நாளாந்த எண்ணிக்கை எவரிடமும் இல்லை. தொடக்கமும் முடிவுமே தெரியும். முடிவு ஏறத்தாழப் பூச்சியம். இரு குணகங்களும் அதே சமரின் விளைவுகளிலிருந்தே பெறப்பட்டவை. விடையிலிருந்து வினாவை அமைத்துப் பின் விடை சரியென மகிழ்தல் போன்றது இது. மேலும், பெறப்பட்ட குணகங்கள் யப்பானியருக்கு 0.0544, அமெரிக்கருக்கு 0.0106. ஒரு யப்பானிய வீரன் ஐந்து அமெரிக்கருக்குச் சமன் என்பதே இதன் பொருள். உண்மையில் இது வீரனை அளக்கும் எண்ணன்று. குரிபாயாஷி என்னும் தளபதியின் ஆணையின்படி எரிமலைப் பாறையிற் குடைந்த சுரங்கங்களையும் சீமெந்துக் காவலரண்களையும், பின்வாங்கும் வழியற்று அங்கேயே சாகப் பணிக்கப்பட்டவர்களின் நிலையையும் அளப்பது. அன்றியும், எதிரி பாறைக்குள் மறைந்திருந்த களத்தில், கண்ணிற் புலப்படும் இலக்கினைக் குறிவைத்துச் சுடுதல் என்னும் வர்க்க விதியின் அடிப்படை எடுகோளே நிலைகுலைகின்றது. எடுகோள் பொய்க்க முடிவு மெய்க்குமாயின், சான்று நிறுவுவது விதியையா, அன்றி வளைகோட்டின் நெகிழ்ச்சியையா?

அதே 1954இல் இன்னோர் ஆய்வும் வெளிவந்தது. டொறதி கிளாக் என்னும் ஆய்வாளர் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் காலாட்படைப் பிரிவுகள் ஈடுபட்ட 44 மோதல்களை ஆராய்ந்தார். ஒரு படைப்பிரிவு எத்தனை வீதம் இழந்தால் போரிடும் ஆற்றலை இழக்கும் என்னும் வினாவுக்கு விடை காண்பதே நோக்கம். மாதிரியுருக்களில் இத்தகைய 'முறிவு எல்லை' ஒன்று எண்ணாகத் தரப்படுவது வழக்கம். அவர் கண்டதோ அத்தகைய எல்லை எதுவுமில்லை என்பதே. சில பிரிவுகள் சிறு இழப்போடு முறிந்தன. சில பேரிழப்பின் பின்னரும் நின்றன. இழப்பு வீதம் ஒன்றினை மாத்திரம் கொண்டு முறிவை அறிய இயலாது. இவ்விரு ஆய்வுகளுள் எதனைத் துறை தன் அடிக்கல்லாகக் கொண்டது என்பது கருத்தியல் செயற்படும் விதத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பிற்காலத்தில் 1943ஆம் ஆண்டின் குர்ஸ்க் சமர், 1944-45ஆம் ஆண்டுகளின் ஆர்டென் சமர் ஆகியவற்றின் இரு தரப்பு நாளாந்தத் தரவுகளும் தொகுக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வொன்று, அடிப்படை விதிகளுள் எதுவுமே இச்சமர்களுக்குச் செம்மையாகப் பொருந்தவில்லை எனக் காட்டியது. தரவு நிறைந்தபோது விதி தளர்ந்தது.

4

போரினை நேரிற் கண்டோர் இம்மாதிரியுருவில் முதலிற் காணும் குறை வேறொன்று. களத்திற் செலவாகும் தோட்டாக்களிற் பெரும்பாலானவை எவரையும் கொல்வதில்லை. ஓர் இயந்திரத் துப்பாக்கி இடைவிடாது முழங்குகின்றது. எதிரே உள்ளவர்கள் பதுங்குகுழியில் முகம் புதைத்துக் கிடக்கின்றனர். அவ்வேளையிற் சிலர் பக்கவாட்டில் ஊர்ந்து சென்று குழியை அடைகின்றனர். காவலரண் வீழ்கின்றது. இறந்தோர் ஓரிருவரே. தேய்வுக் கணக்கின்படி இங்கு ஏதும் நிகழவில்லை; உண்மையிலோ எல்லாம் நிகழ்ந்துவிட்டது. இதுவே அடக்கல்.

இக்குறையினை நிரப்புவதற்குப் பிற்காலத்தார் முயன்றனர். உயிருடனிருப்போரை இரு கூறாக்கி, சுடுவோர் என்றும் அடக்கப்பட்டோர் என்றும் பிரித்தனர். மேல்வரும் சூட்டின் செறிவுக்கேற்ப முதற்கூற்றினர் இரண்டாம் கூற்றுக்குச் செல்வர்; சூடு ஓய்ந்தபின் சிறிது நேரத்தில் மீள்வர். தோட்டா எத்துணை அண்மையிற் சென்றால், எத்தனை நொடி ஒருவன் தலை தாழ்ந்திருப்பான் என்பதை அளப்பதற்கு 1970களில் இராணுவ ஆய்வு நிலையங்கள் பரிசோதனைகளை நடாத்தின. இடர்ப்பாடு வெளிப்படை. சாவு பற்றிய அச்சத்தை அளப்பதற்குச் சாவு உண்மையாகவே அருகிலிருத்தல் வேண்டும். பரிசோதனையில் அதற்கு இடமில்லை. பிரித்தானிய ஆய்வாளரான டேவிட் றோலண்ட் களப்பயிற்சிகளின் பெறுபேறுகளை வரலாற்றுச் சமர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார். பயிற்சியிற் காணப்படும் சூட்டுத்திறன் மெய்யான சமரில் மிகப்பெருமளவு வீழ்ச்சியடைகின்றது என அவர் காட்டியமை குறிப்பிடத்தக்கது.

அச்சத்தை எண்ணாக்கும் வேட்கை எங்கு இட்டுச்செல்லும் என்பதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. அமெரிக்க இராணுவ எழுத்தாளர் எஸ். எல். ஏ. மார்ஷல் 1947இல் வெளியிட்ட நூலில், சமரிலே காலாட்படையினருள் 15 முதல் 25 வீதத்தினரே தம் ஆயுதத்தால் சுடுகின்றனர் என எழுதினார். இவ்வெண் நாற்பது ஆண்டுகளாக வேதவாக்காய் மேற்கோள் காட்டப்பட்டது. பயிற்சி முறைகளையும் பாதித்தது. 1988இல் வரலாற்றாசிரியர் றொஜர் ஸ்பில்லர் அதன் மூலத்தைத் தேடியபோது, அவ்வீதத்தைத் தாங்கத்தக்க முறையான தரவுத்தொகுதி எதுவும் கிடைக்கவில்லை. மார்ஷல் கூறியதில் உண்மையின் சாயல் இருக்கலாம். ஆனால் அதற்கு அதிகாரம் வழங்கியது உண்மையன்று, எண் வடிவமே.

அடக்கலை மாதிரியுருவிற் சேர்த்தபின்னரும் அடிப்படை மாறவில்லை என்பதே எமது துணிபு. புதியதொரு குணகம் கூடியது, அவ்வளவே. ஒருவன் எப்போது தலைநிமிர்கின்றான்? அருகிலிருப்பவன்மீது கொண்ட நம்பிக்கை, அதிகாரி பற்றிய மதிப்பு, போரின் நோக்கம் தன்னுடையதா என்னும் உணர்வு, வீட்டிலிருந்து வரும் செய்தி ஆகிய யாவும் அதிற் பங்குகொள்கின்றன. 1917ஆம் ஆண்டினை எண்ணிப் பார்ப்போம். ஏப்ரில் மாதத்து நிவெல் தாக்குதலின் தோல்விக்குப்பின் பிரெஞ்சுப் படைப்பிரிவுகளிற் பெருந்தொகையானவற்றிற் கிளர்ச்சி பரவியது. தமது பதுங்குகுழிகளைக் காக்க இசைந்த வீரர்கள், பயனற்ற தாக்குதலுக்கு இனிச் செல்லோம் என மறுத்தனர். அதே ஆண்டில் இரசியப் படையினரோ நிலமும் சமாதானமும் வேண்டித் தாமாகவே போர்முனையை விட்டகன்றனர். இவர்கள் இறந்தோரல்லர்; அடக்கப்பட்டோருமல்லர். கையில் துப்பாக்கியும் உடலில் உயிரும் இருந்தன. சிந்தித்தனர்; மறுத்தனர். அப்போரின் மிகப்பெரும் மாற்றங்களுட் சிலவற்றை விளைவித்த இம்மறுப்புக்கு எந்தச் சமன்பாட்டிலும் குறியீடு இல்லை.

5

கணிதம் தாளில் நிற்கும்வரை இவை அறிவுசார் குறைபாடுகளே. அரசின் கொள்கையாக மாறும்போது அவற்றின் தன்மை வேறாகின்றது. வியட்நாம் இதற்குச் சான்று.

1962இல் சீமோர் டீச்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் லான்செஸ்ரரின் சமன்பாடுகளைக் கெரில்லாப் போருக்கு ஏற்பத் திருத்தினார். ஒழுங்குமுறைப் படை திறந்தவெளியில் நிற்கின்றது. அதனைக் கெரில்லாக்கள் குறிவைத்துச் சுடுவர். கெரில்லாக்களோ மறைந்திருப்பதால் ஒழுங்குமுறைப் படை ஒரு பரப்பினை நோக்கிப் பொதுவாகவே சுடமுடியும். ஆகவே ஒரே களத்தில் ஒரு தரப்புக்கு வர்க்க விதியும் மறுதரப்புக்கு ஏகபரிமாண விதியும் இயங்கும். சிறியதொரு மறைந்த படையை வெல்வதற்குப் பன்மடங்கு பெரும் படை வேண்டப்படுவதன் காரணம் இதனால் தெளிவாகின்றது. அழகியதும் நேர்மையானதுமான ஆய்வு இது.

ஆனால் கெரில்லாவை மறைப்பது எது? சமன்பாட்டில் அது பரப்பளவு. வாழ்க்கையில் அது கிராமம்: சோறிடும் தாய், செய்தி கொண்டுசெல்லும் சிறுவன், கேட்டால் அறியோம் என்னும் முதியவர். குத்தகைக்குப் பயிரிட்டு விளைவின் பெரும்பங்கை நிலவுடைமையாளனுக்கு அளந்த விவசாயியின் உறவுகள் அங்கு வினைபுரிகின்றன. அப்பரப்பினைச் சுருக்குதல் நடைமுறையில் என்ன பொருள்படும் என்பதற்கு, அதே 1962இல் தென் வியட்நாமிய அரசு விரிவாக முன்னெடுத்த பாதுகாப்புக் குடியேற்றத் திட்டம் விடையளிக்கும். விவசாயிகள் தமது நிலத்திலிருந்தும் மூதாதையர் புதைகுழிகளிலிருந்தும் பெயர்க்கப்பட்டு, வேலியிட்ட குடியிருப்புக்களுள் அடைக்கப்பட்டனர். சில ஆண்டுகளிலேயே அத்திட்டம் சிதைந்தது.

1964 முதல் 1968 வரை அங்கு அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் வெஸ்ற்மோலண்ட் தேய்வினையே போர்த்தந்திரமாக வகுத்தார். எதிரியின் இழப்பு அவனால் ஈடுசெய்யத்தக்க அளவைக் கடக்கும் ஒரு புள்ளி உண்டு. அதனை எட்டினால் வெற்றி நிச்சயம் என்பது அவரது நம்பிக்கை. கம்பனி நிருவாகத்திலிருந்து பாதுகாப்புச் செயலாளராக வந்த மக்னமாராவின் காலத்தில் எண்களே ஆட்சிமொழியாயின. நிலத்தைக் கைப்பற்றுதல் வெற்றியின் அளவுகோலாகாத போரில், பிணங்களின் எண்ணிக்கை அளவுகோலாயிற்று.

இதன் கணிதத் தவறினை அவ்வமைச்சின் உள்ளிருந்தே சிலர் கண்டனர். அலெய்ன் என்தோவன் தலைமையிலான ஆய்வுப் பிரிவு, மோதல்களிற் பெரும்பாலானவற்றை எதிர்த்தரப்பே தொடங்குகின்றது எனவும், ஆகவே தன் தேய்வின் வேகத்தை அத்தரப்பே கட்டுப்படுத்துகின்றது எனவும் எடுத்துக்காட்டியது. சமன்பாட்டிற் கெரில்லா ஒரு மாறி மாத்திரமே. உண்மையில் அவனும் கணக்கிடுபவன். இவ்வெச்சரிக்கை செவிமடுக்கப்படவில்லை.

மனிதத் தவறோ இதனினும் கொடியது. 1968 டிசெம்பர் முதல் 1969 மே வரை மேகொங் கழிமுகத்தில் அமெரிக்க 9ஆம் காலாட்படைப் பிரிவு நடாத்திய நடவடிக்கையில், ஏறத்தாழ 10,900 எதிரிகள் கொல்லப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கைப்பற்றிய ஆயுதங்கள் 748. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்கும் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. கொல்லப்பட்ட குடிமக்கள் 5,000 முதல் 7,000 வரை இருக்கலாமென இராணுவத்தின் உள்ளக அறிக்கையொன்று பின்னர் மதிப்பிட்டது. சமன்பாட்டில் இரு தரப்பினரே உளர், மூன்றாமவர் இல்லை. ஆகவே இறந்த விவசாயி எண்ணப்படுவதற்கு எதிரியாக மாறவேண்டியிருந்தது. அப்போரிற் பணியாற்றிய அமெரிக்க ஜெனரல்களிடம் டக்ளஸ் கின்னார்ட் வினாக்கொத்து வழியாக நடாத்தி 1977இல் நூலாக வெளியிட்ட ஆய்வில், பிண எண்ணிக்கையைத் தகுந்த அளவுகோலென ஏற்றோர் 2 வீதத்தினரே. நம்பாதவர்களே அதனை நடைமுறைப்படுத்தினர் என்பது இவ்வெண் கூறும் செய்தி.

6

இவற்றைக் கொண்டு கணிதத்தையே பழிப்பது எமது நோக்கமன்று. அது விஞ்ஞான விரோதமாகும். முற்போக்கு நோக்குக்கும் முரணாகும். கணிதமே அதிகாரத்துக்கு எதிராக உண்மை பேசிய தருணங்களும் உள.

பௌதிகவியலாளரும் சோசலிச நோக்கினருமான பிளாக்கெற் இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியச் செயற்பாட்டு ஆய்வின் முன்னணியில் நின்றவர். வணிகக் கப்பற் தொடர்களைப் பெரிதாக்கினால் மூழ்கும் கப்பல்களின் விகிதம் குறையும் என 1943இல் அவரது குழுவினர் காட்டியமை, மாலுமிகள் பலரின் உயிரைக் காத்தது. 1942 மார்ச்சில், ஜெர்மன் நகரங்களிலே தொழிலாளர் குடியிருப்புக்களைக் குண்டுவீசி அழித்து மக்களின் உளவுறுதியைக் குலைக்கலாம் என அரசின் விஞ்ஞான ஆலோசகர் லின்டமன் கணக்கொன்று சமர்ப்பித்தார். ஒரு நாட்டின் மக்களையே அடக்கலுக்கு உட்படுத்தும் திட்டம் அது. மதிப்பீடு ஆறு மடங்கு மிகையானதென பிளாக்கெற் கணித்தார். போருக்குப்பின் நோக்கியபோது அது பத்து மடங்கு மிகையானதெனத் தெரிந்ததாக சி. பி. சினோ 1961இல் எழுதினார். நேர்மையான கணக்கு அன்று தோற்றது. ஆனால் கணக்கு இருந்தது.

இன்னொருவர் லூயி ஃபிரை றிச்சாட்சன். வானிலையைக் கணிதத்தால் எதிர்வுகூறும் முறைக்கு வித்திட்டவர். குவேக்கர் சமயத்தவராதலின் முதலாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்சில் அம்புலன்ஸ் வண்டி ஓட்டினார். வானிலை அலுவலகம் 1920இல் விமானப்படை அமைச்சின்கீழ் வந்தபோது பதவியைத் துறந்தார். ஆயுதப் போட்டியை விளக்க அவர் அமைத்தனவும் லான்செஸ்ரரின் சமன்பாடுகளையொத்த வகையீட்டுச் சமன்பாடுகளே. ஆனால் எவ்வாறு வெல்வது என்னும் வினாவை விடுத்து, நாடுகள் எவ்வாறு போருக்குள் வழுக்கி வீழ்கின்றன என்னும் வினாவை அவர் எழுப்பினார். மனிதர் நின்று சிந்திக்காவிடின் நிகழக்கூடியதையே தமது சமன்பாடுகள் காட்டுவதாக அவர் கருதினார். அவர் மறைந்தபின் 1960இல் வெளிவந்த நூலில், தனிக்கொலை முதல் உலகப்போர் வரை மனிதர் மனிதரைக் கொன்ற நிகழ்வுகள் அனைத்தையும் ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்தினார். அங்கே இறந்தோர் இரு தரப்பாகப் பிரிக்கப்படவில்லை, எல்லோரும் இறந்தோரே. எமது மொழியில் எண்ணுதல் என்பது கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கும். அவ்விரு பொருளிலும் எண்ணியவர் றிச்சாட்சன்.

7

லான்செஸ்ரரின் விதி இன்று போர்க்களத்தோடு நிற்பதில்லை. யப்பானிய வணிக ஆலோசகர்கள் அதனைச் சந்தையைக் கைப்பற்றும் தந்திரமாக மாற்றிக்கொண்டனர். கணினி வழிப் போர்ப் பயிற்சிகளின் உள்ளே அதன் வழித்தோன்றல்கள் இயங்குகின்றன. 2022இல் உக்ரேன்மீது இரசியா மேற்கொண்ட படையெடுப்பின் பின், எதிர்த்தரப்பின் இழப்பு நாள்தோறும் எண்களாக வெளியிடப்பட்டு, தேய்வுப் போர் என்னும் சொல் மீண்டும் செய்தித்தாள்களை நிறைத்தது. ஆகவே இவ்விமர்சனம் வரலாற்று ஆர்வம் ஒன்றினால் மாத்திரம் எழுந்ததன்று.

போரின் மாதிரியுரு எதனையும் எதிர்கொள்ளும்போது மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். அதன் குணகங்கள் நிகழ்வுக்கு முன்னர் பெறப்பட்டவையா, அன்றிப் பின்னர் பொருத்தப்பட்டவையா? அக்குணகங்களுள் யாருடைய உழைப்பும் அச்சமும் இசைவும் மறுப்பும் அடைக்கப்பட்டுள்ளன? இரு தரப்புக்கும் வெளியே நிற்போருக்கு அதில் எந்த நிரல் ஒதுக்கப்பட்டுள்ளது? மூன்றாவது வினாவின் கனத்தினை இந்நாட்டு வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இறந்தோர் எத்தனை பேர் என்னும் கேள்வியே தீராத வழக்காகிவிட்ட மண்ணில் வாழ்பவர்கள் நாம்.

கணிதம் இவ்வினாக்களுக்கு விடையளிக்க இயலாததன்று. அவை அதனிடம் கேட்கப்படவில்லை. கேட்பது கணிதம் கற்றோரின் பணி மாத்திரமன்று. சொற்களுள் மறைந்திருக்கும் சமுதாயத்தை வெளிக்கொணரப் பயின்ற விமர்சகருக்கும், எண்களுள் மறைந்திருப்பதை வெளிக்கொணரும் பொறுப்பு உண்டு.